மடிப்பக்காவின் பேரில்லாப் புகார்

விரிப்புகளை மடிப்பது மடிப்பக்காவின் வேலை. காலை எட்டு மணிக்கு உலர்த்தும் எந்திரத்தின் வாயிலிருந்து சூடாக வந்து விழும் கட்டில் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி, முனை பார்த்து, மடித்து, பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நானூறு கட்டில்கள். துணி வெளுக்கும் பகுதி அதன் அடித்தளத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது. மேலே இருப்பவர்களுக்கு, விரிப்பு வந்து சேராத நாளில்தான் கீழே அப்படி ஓர் அறை இருப்பதே ஞாபகம் வரும்.

பொதுவாக ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து சேர்த்துவிடுவார்கள். மடிப்பக்கா வேலைக்குச் சேர்ந்தபோது முதல் ஏழு மாதம் இரண்டாவது ஆள் கிடையாது. அவளோ ஐந்தடிக்கும் குறைவு. கையை விரித்தால் விரிப்பில் பாதிதான் அகப்படும். அதனால் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு முனையைத் தாடையால் அமுக்கிக்கொள்வாள். இன்னொரு விளிம்பை இடுப்பால் மேஜையோடு சேர்த்து ஒட்டிக்கொள்வாள். நீளவாக்கில் மூன்றாக மடித்து, கடைசி விளிம்பை உள்ளே திருப்பிச் செருகிவிடுவாள். மடிப்பின் ஓரத்தில் பை வாய்போல ஓர் உதடு நிற்கும். அப்படி மடித்த விரிப்பைத் தலைகீழாகத் தூக்கினாலும் பிரியாது. பதினாலு வருஷத்தில் சொந்தப் பேரே மறந்துபோகிற அளவுக்கு அந்த மடிப்பு அவளுக்குப் பேராகிவிட்டது.

"நானும் உங்களைப் பாத்துப் பாத்துத்தான் மடிக்கிறேன். எனக்கு மட்டும் ஏன்க்கா பஞ்சு போன தலைகாணி மாதிரி வருது?" என்பாள் சின்னவள்.

"நீ ரெண்டு அடி குள்ளமாப் பொறந்திருக்கணும்."

சின்னவளுக்கு இருபத்தாறு வயது. ஒப்பந்த வேலை, சேர்ந்து இரண்டு வருஷம். அவள் புருஷன் கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிறான். அவனுக்கு ஓய்வு கிடைப்பதும் இவளுக்குச் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக அமைவது மத்தியானம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை வரைதான். அந்தக் கால் மணி நேரம் சின்னவள் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, போனை விரிப்பு அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அடித்தளத்தில் போன் சிக்னல் சுத்தமாக எடுக்காது. ஆஸ்பத்திரியின் வைஃபை மட்டும் எடுக்கும். அந்த வைஃபையில் வீடியோ காலை அடைத்து வைத்திருந்தார்கள். அந்த அடைப்பைத் தாண்டிப் போவதற்குத்தான் போனில் விபிஎன் என்கிற செயலியைப் போட்டிருந்தாள்.

"இதை ஆன் பண்ணினா மேல சின்னதா ஒரு சாவி வரும்க்கா. சாவி வந்துட்டா நாம யாரு, எங்க இருக்கோம், என்ன பண்றோம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆண்டவனே வந்தாலும் ஓடிபி கேட்டுத்தான் உள்ள விடும்."

மடிப்பக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். ஆனால் மனசில் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அது தேவைப்பட்டது. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி வரும்போது கூடவே ஊசியும் வரும். குத்தி முடித்த ஊசியை அதற்கான டப்பாவில் போடாமல் கட்டிலிலேயே விட்டுவிட்டு, விரிப்போடு சுருட்டிக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். வெளுக்கும் எந்திரத்தில் சுற்றியும் சில ஊசிகள் துணியைவிட்டு விழுவதில்லை. இரண்டு வருஷத்தில் இரண்டு முறை மடிப்பக்காவின் கையில் குத்தியது. முதல் முறை விபத்துப் பதிவேட்டில் எழுதினாள். இரண்டாவது முறை மேனேஜரிடமே போனாள்.

"கையுறை போடலையாம்மா?" என்று கேட்டார் அவர்.

"போட்டிருந்தேன் சார். ஊசி அதையும் தாண்டித்தானே வரும்?"

"ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என, நோய் ஏதும் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அந்த ஆறு மாதமும் வீட்டில் தன் நகவெட்டியைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். காய் நறுக்கும்போது விரலில் கீறல் பட்டால் மொத்தக் காயையும் குப்பையில் கொட்டினாள். மகள் கேட்டதற்கு, "பூச்சி இருந்துச்சு" என்றாள். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றைக்குக் கடைத்தெருவில் நின்று காரணமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரமே இன்னோர் ஊசி வந்தது. இந்தத் தடவை குத்தவில்லை. ஆனாலும் இனி அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரிகளைச் சோதனை போடும் அலுவலகம் ஒன்று உண்டு. அதன் இணையப் பக்கத்தில் புகார் எழுத இடம் இருந்தது. பெயர் தர வேண்டியதில்லை என்றும் போட்டிருந்தது. சின்னவள் சொல்லித் தந்ததுபோலவே தன் போனிலும் விபிஎன்னை ஏற்றினாள், எதற்கென்று அவளிடம் சொல்லாமல். ஒரு புதன்கிழமை மத்தியானம் பின்வாசல் படிக்கட்டில் ஏறி, சிக்னல் வந்ததும் தன் சொந்த நெட்டில் சாவியை வரவழைத்து, ஒன்று இருபதுக்குப் புகாரை அனுப்பினாள். கூட அந்த ஊசியின் படம் ஒன்று. பிறகு படத்தை அழித்தாள். அழித்ததைப் போட்டு வைக்கும் இடத்திலிருந்தும் அழித்தாள். விபிஎன்னையும் எடுத்துவிட்டாள். வீட்டைத் துடைத்து முடித்துத் துடைத்த துணியையும் அலசிப் பிழிந்து போட்டதுபோல அவ்வளவு சுத்தம்.

மூன்று வாரம் கழித்து, மடிப்புக்கு நடுவில், மேனேஜர் சின்னவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். எதிர் முனையைப் பிடிக்க வரவில்லை. சுவரோரம் இருந்த சிவப்புப் பைகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"யாரோ நம்ம ஊசி விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்காங்களாம். விளக்கம் கேட்டுக் கடுதாசி வந்திருக்காம். அதுல பேர் இல்ல. தேதி இருக்கு, நேரம் இருக்கு. ஒண்ணு இருபது."

மடிப்பக்காவின் தாடையிலிருந்து விரிப்பு நழுவியது.

"அதுக்கு உன்னை ஏன் கூப்பிட்டாங்க?"

"கம்ப்யூட்டர்க்காரரை உக்கார வெச்சு அன்னைக்கு மத்தியானத்துக் கணக்கையெல்லாம் பாத்திருக்காங்க. மொத்த ஆஸ்பத்திரியிலயும் அந்த நேரத்துல ஒரே ஒரு போன்தான் விபிஎன்ல இருந்திருக்கு. என்னோடது."

"உள்ள என்ன பண்றோம்னு தெரியாதுன்னு சொன்னியே?"

"அதையேதான் நானும் அவர்கிட்ட கேட்டேன். உள்ள என்ன பண்ணினேன்னு அவருக்கும் தெரியாதாம். ஆனா எதுக்குள்ளயோ போனேன்கிறது தெரியுமாம். எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வெளிய வந்தேன், எல்லாம்." சின்னவள் காலடியில் இருந்த சிவப்புப் பையைக் காலால் நகர்த்தினாள். தொற்று நோயாளிகளின் துணி வரும் பை. வாயை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், இங்கே யாரும் அவிழ்க்கக் கூடாது. "இந்தப் பை மாதிரின்னு வெச்சுக்குங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எந்த வார்டுலேருந்து வந்துச்சுன்னு மேல எழுதி ஒட்டியிருக்குல்ல? அப்படி."

மடிப்பக்கா அந்தச் சீட்டையே பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்தப் பைகளைத் தூக்கிப் போட்டவள் அவள். இதை யோசிக்காமல் போனாளே.

"புருஷன்கிட்ட பேசினேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நிரூபிம்மாங்கிறார் மேனேஜர். எதை வெச்சு நிரூபிக்கிறது? பேசினதைப் பதிவா பண்ணி வெச்சேன்? அவங்க வைஃபையில அடைச்சு வெச்சதைத் திருட்டுத்தனமாத் திறந்தது ஒரு குத்தம், அதை ஒத்துக்கிட்டேன். நீதான் எழுதினே, அதையும் ஒத்துக்கோ, இல்லேன்னா நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்கிறார்." நிறுத்தினாள். "கடுதாசியோட வந்த போட்டோவும் காட்டினாங்கக்கா."

உலர்த்தும் எந்திரம் சுற்றி நின்றது. அடுத்த லோடு தயார் என்று மணி அடித்தது. இருவரும் நகரவில்லை.

"ஊசி நல்லாத் தெரிஞ்சுது," என்றாள் சின்னவள். "கீழ துணி அழகா மடிச்சிருந்துச்சு."

சிவப்புப் பைகளை விட்டு விலகினாள். வந்து எதிர் முனையைப் பிடித்தாள். இருவரும் நடந்து வந்து சேர்த்தார்கள், பிரிந்தார்கள், சேர்த்தார்கள். சின்னவள் ஒரு தடவைகூட மடிப்பக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மடிப்பக்காவின் புருஷன் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டவனுக்கு இப்போது இரண்டு மாடி ஏற முடியாது. வேலை வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிசு. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று மடிப்பக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

அவன் தைல பாட்டிலை மூடி ஓரமாக வைத்தான்.

"கண்ட துணியை மடிக்கலாம், சரி. போட்டோ எடுக்கவா மடிப்பாங்க?"

"கசங்கின துணி மேல வெச்சா ஊசி தெரியல. அதுவுமில்லாம மேலிடத்துக்குப் போற படம், அலங்கோலமா இருந்தா நல்லா இருக்குமா?"

"அடிப்பாவி. திருடப் போனவ வாசல்ல கோலம் போட்டுட்டு வந்திருக்கே."

"நான் திருடல."

"தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "இந்தா பாரு. உன் பேர் அதுல எங்கயும் இல்ல. உன் போன் அவங்க வைஃபையில இல்ல. அந்த சாவி உன் விஷயத்துல வேலை செஞ்சிருச்சு. பேசாம இரு. அந்தப் பொண்ணு வயசுக்கு வேற இடம் கிடைக்கும். நாப்பத்தெட்டு வயசுல உன்னை யாரு கூப்பிட்டு உக்கார வெப்பாங்க?"

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. மடிப்பைப் பாத்துட்டா."

"சொல்லிட்டாளா?"

"சொல்லல."

"அப்ப விடு."

"சொல்லலங்க," என்றாள் மறுபடியும். "முக்கால் மணி நேரம் உக்கார வெச்சுக் கேட்டிருக்காங்க. மேஜை மேல என் மடிப்பு கிடக்கு. இவ ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தப்பிச்சு வந்திருக்கலாம். சொல்லல."

அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் மகள் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. "முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட சொல்றே" என்றான். பாட்டிலை மறுபடி திறந்தான்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு மடிப்பக்கா மூன்றாவது மாடிக்குப் போனாள். மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கொடுத்த மேல்கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள், திருப்பிக் கொடுப்பதற்காக.

"அக்கா, நீங்க ஏன் மேல வந்தீங்க? கீழ போங்க."

மடிப்பக்கா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மேனேஜர் இருந்தார். பக்கத்து நாற்காலியில் கம்ப்யூட்டர்க்காரர், ஒல்லியாக, கழுத்தில் அடையாள அட்டையோடு. மேஜையில் சின்னவள் கையெழுத்துப் போட வேண்டிய தட்டச்சுக் கடிதம், அதன் மேல் மூடி கழற்றிய பேனா. பக்கத்தில் அந்தப் படம், பெரிதாக அச்சடித்து.

"அந்தப் புகாரை எழுதினது நான் சார்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. "ஏம்மா, அந்தப் பொண்ணு மேல பாசம்னு தெரியும். அதுக்காகப் பதினாலு வருஷ சர்வீஸை வெச்சு விளையாடாதீங்க."

"விளையாடல சார். பின்வாசல் படிக்கட்டுல நின்னு என் போன்லேருந்து அனுப்பினேன்."

"போனைக் கொடுங்க."

கொடுத்தாள். கம்ப்யூட்டர்க்காரர் வாங்கி ஐந்து நிமிஷம் தடவித் தடவிப் பார்த்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தாக நாலு நிமிஷம்.

"ஒண்ணும் இல்ல சார். படம் இல்ல, அந்தப் பக்கம் போன தடம் இல்ல, விபிஎன்னே இல்ல."

"எடுத்துட்டேன் தம்பி. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டா நான் எப்படிம்மா உங்களுக்காகச் சொல்றது?" அவருக்கே சங்கடமாக இருந்தது. "நம்ம வைஃபையில வந்திருந்தா என்கிட்ட கணக்கு இருக்கும். உங்க சொந்த நெட்டுல போயிருந்தா எனக்குத் தெரியாது. புகார் வாங்கின ஆபீசுக்கு அது ஏதோ வெளிநாட்டுலேருந்து வந்த மாதிரி இருக்கும். அந்த விபிஎன் கம்பெனிக்கு ஒருவேளை தெரிஞ்சிருக்கும். இலவசமாக் கொடுக்கிறவங்க நம்ம விவரத்தை எடுத்து யார்கிட்ட விக்கிறாங்களோ. நமக்குச் சொல்லுவாங்களா?"

"அப்ப நான்தான்னு சொன்னாலும் நம்ப மாட்டீங்க. தான் இல்லன்னு அவ சொன்னாலும் நம்ப மாட்டீங்க."

"கணக்கு அவளைத்தான்மா காட்டுது" என்று மேனேஜர் பேனாவை எடுத்தார்.

மடிப்பக்கா சுற்றிலும் பார்த்தாள். அறையின் மூலையில் சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்த கட்டில் ஒன்று இருந்தது, புது விரிப்பு போட்டு. நேராகப் போய் அந்த விரிப்பை ஒரே இழுப்பில் உருவினாள். "ஏம்மா!" என்றார் மேனேஜர். அவள் காதில் வாங்கவில்லை. தாடையை இறக்கினாள். இடுப்பை அவருடைய மேஜை விளிம்போடு ஒட்டினாள். கடிதமும் தண்ணீர் டம்ளரும் அந்தப் பக்கம் தள்ளப்பட்டன. மூன்றாக மடித்தாள், விளிம்பை உள்ளே திருப்பினாள், செருகினாள்.  மடிப்பு கோணவில்லை. படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கம்ப்யூட்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். படத்தில் ஊசிக்கு இடது பக்கம் ஓர் உதடு. மேஜையில் அதே இடத்தில் அதே உதடு.

"துணியை யாரு வேணா இப்படி மடிக்கலாம்" என்றார் மேனேஜர். குரல் முன்போல இல்லை.

"வெளிய இருக்கிறவளைக் கூப்பிட்டு மடிக்கச் சொல்லுங்க சார். ரெண்டு வருஷமாப் பழகுறா. வரல."

மேனேஜர் விரிப்பை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார். தலைகீழாகத் தொங்கியது. பிரியவில்லை. லேசாக உதறிப் பார்த்தார். அப்போதும் பிரியவில்லை. கீழே வைத்தார். கம்ப்யூட்டர்க்காரர் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிகாரம் பத்தைத் தாண்டியது. மேனேஜர் பேனாவை மூடினார். கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். தன் பேரில் அவர் எழுதப்போகும் இன்னொரு கடிதம் எப்படி இருக்கும் என்று மடிப்பக்கா ஒரு கணம் யோசித்தாள். வீட்டில் ஓரமாக இருக்கும் தைல பாட்டில் ஞாபகம் வந்தது.  ஆனாலும் அறையை விட்டுப் போகவில்லை.

மேல்கோட்டுப் பையிலிருந்து மூடி போட்ட சின்ன மருந்து டப்பா ஒன்றை எடுத்து, மடித்த விரிப்பின் மேல் வைத்தாள். உள்ளே ஏதோ உருண்டு டப்பாவின் ஓரத்தில் இடித்தது.

"நேத்துச் சாயங்காலமும் ஒண்ணு வந்துச்சு சார். நாலாவது மாடி விரிப்பு. யாருக்கும் குத்தல. இதை எங்க கொண்டுபோய்க் கொடுக்கணும்?"

மேனேஜர் டப்பாவைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்தார். கம்ப்யூட்டர்க்காரர் அவரைப் பார்த்தார்.

மடிப்பக்கா டப்பாவை அங்கேயே விட்டாள். பிறகு தன் போனை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.